இருபத்து மூன்று பூஜ்யங்கள்

ஐந்தாம் எண்ணை நேர்காணலுக்கு உள்ளே கூப்பிட்டாகிவிட்டது, தங்கள் எண் ஏழு, ஆக நடுவில் இன்னும் ஒரே ஒரு ஜோடிதான் என்று சண்முகவடிவு மூன்றாவது முறையாகக் கணக்குப் போட்டாள். கணக்கு மூன்று முறையும் ஒரே மாதிரிதான் வந்தது. ஜோடிக்கு இருபது நிமிஷம் என்று வாசலில் நிற்கும் பியூன் சொல்லியிருந்தான், ஆனால் முதல் ஜோடி முக்கால் மணி நேரம் உள்ளே இருந்தது, நான்காவது ஜோடி பத்தே நிமிஷத்தில் முகம் தொங்கிப்போய் வெளியே வந்தது, அதனால் அந்த இருபது நிமிஷத்தை நம்புவதற்கில்லை. எழுந்து போய்விடலாம். பாத்ரூம் போவதுபோலப் போய், மாடிப்படி இறங்கி, கேட்டைத் தாண்டி, ஆட்டோ பிடித்து மாட்டுத்தாவணி, அங்கிருந்து கோவில்பட்டி பஸ், சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் காபி. இப்படி நினைத்துக்கொண்டே எழப் போனவளைப் புடவை பிடித்து இழுத்தது. முந்தானையின் நுனி பக்கத்து நாற்காலியில் அவளுடைய ஜோடியான மாணவி பெனாசிரின் பைக்கு அடியில் மாட்டியிருந்தது. அந்தப் பையின் மேல் பெனாசிரின் முழங்கை, முழங்கைக்கு மேலே கன்னம், கன்னத்துக்குப் பக்கத்தில் வாய், வாய் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது, உள்ளே சொல்ல வேண்டியதை. நாற்காலிகளோ நாலு நாலாக ஒரே இரும்புக் கம்பியில் பொருத்தியவை, ஒருத்தர் அசைந்தால் நாலு பேரும் அசைய வேண்டும். வடிவு மறுபடி உட்கார்ந்தாள். வரிசை முழுக்க ஒருமுறை ஆடி நின்றது. கடைசியில் உட்கார்ந்திருந்த ஆறாம் எண்காரர், வால்நட்சத்திரம் தேடுகிற ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரராம், இவளைத் திரும்பி முறைத்தார்.

நோட்டுகள் இரண்டும் மடியில் இருந்தன. நீளவாக்கு அக்கவுண்ட் நோட்டு, பழுப்பு அட்டை, ஓரத்தில் சிவப்புத் துணி. மற்ற ஆறு நோட்டும் வீட்டில் பீரோவில் இருக்கின்றன. இந்த இரண்டைத்தான் பெனாசிர் கேட்டு எடுத்து வரச் சொன்னாள், சூரியன் உறங்கிய வருஷத்து நோட்டு. அப்படித்தான் அந்தப் பெண் சொல்வாள், சூரியன் உறங்கிய வருஷம் என்று, ஏதோ பச்சைப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிற மாதிரி. பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும், பிறகு வற்றும், வற்றிக் கிடக்கிற காலத்தில் வாரக்கணக்கில் வட்டம் வெறும் வட்டமாகவே இருக்கும். வடிவுக்கு அந்த வருஷத்தைப் பற்றி நினைத்தாலே இப்போது கழுத்துக்குப் பின்னால் சுட்டது. அது பழக்கம். எட்டு வருஷமாகத் தினமும் காலை எட்டு நாற்பதுக்கு மாடியில் இரண்டு அங்குலத் தொலைநோக்கிக் குழாயை வைத்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாய் வழியாக அட்டையில் விழுகிற வெள்ளை வட்டத்தைத்தான் அவள் பார்க்கிறாள். சூரியனை அவள் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. பார்த்தால் கண் போய்விடும். அட்டையில் புள்ளி தெரிந்தால் பென்சிலால் குறிப்பாள், எண்ணுவாள், மையால் எழுதுவாள், பாயைச் சுருட்டுவதுபோல எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டு ஒன்பதரைக்கு ஆபீஸ். ஒரு மாவட்ட அலுவலகத்தில் உதவியாளர். ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. மாணவி ஒருத்தியோடு ஜோடியாக விண்ணப்பிக்க வேண்டுமாம் என்று ஆபீஸில் வாய்தவறிச் சொன்னபோது, “பரவால்லையே, வடிவக்காவுக்கு ஒருவழியா ஜோடி அமைஞ்சுருச்சே” என்று டைப்பிஸ்ட் பொண்ணு கேலி செய்தாள், எல்லோரும் சிரித்தார்கள், வடிவும் சிரித்தாள், மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

ஆராய்ச்சிக்கு உதவித்தொகை தருகிற இந்த நல்கையின் விதியே அதுதான். வானத்தை ஆசைக்குப் பார்க்கிற ஒருவர், முதுகலை படிக்கிற ஒருவர், இருவரும் சேர்ந்துதான் விண்ணப்பம், பார்த்தது அவர், ஆராய்வது இவர். இரண்டு ஜோடிக்குக் கிடைக்கும். கிடைத்தால் பெனாசிர் ஒரு வருஷம் ஹாஸ்டலில் இருந்து ஆய்வு செய்யலாம், அதை வைத்துப் பெரிய இடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேரலாம். கிடைக்காவிட்டால் தென்காசியில் ஒரு டியூஷன் சென்டர் காத்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளைக் கொண்டுவந்து அவர்கள் பீரோவில் வைத்துவிட வேண்டும், மூன்று வருஷத்துக்கு அசையக் கூடாது. “பீரோவுக்குள்ள சர்டிபிகேட்டு இல்லக்கா, நான்தான் இருப்பேன்” என்று பஸ்ஸில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். கடையநல்லூர்க்காரி, சிரிப்பிலேயே பாதிப் பேச்சை முடிக்கிறவள். அவளுடைய வாப்பா, “வடிவம்மா கூடன்னா சரி” என்று சொல்லித்தான் இன்றைக்கு மதுரைக்கே அனுப்பியிருக்கிறார். வடிவம்மா கூட. அந்த மனுஷருக்கு வடிவம்மாவைப் பற்றி என்ன தெரியும். ஒருமுறை போனில் பேசியிருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான், சாத்தூர் தாண்டி, பெனாசிர் போனைத் திருப்பி அந்தப் படத்தைக் காட்டினாள். அதுவரை வடிவுக்கு ஒன்றும் தெரியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வீட்டுக்கு வந்து எட்டு நோட்டையும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனாள், ஏதோ ஆராய்கிறாள், நல்ல பிள்ளை என்று இருந்துவிட்டாள். படத்தில் இரண்டு கோடுகள் இருந்தன, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நீலம் உலகத்தில் மற்றவர்கள் எண்ணியது, சிவப்பு வடிவு எண்ணியது. வருஷம் முழுக்க இரண்டும் கூடப்பிறந்ததுபோல ஒட்டிக்கொண்டு போகின்றன. ஓர் இடத்தில் மட்டும் நீலம் மேலே ஒரு சின்ன மேடு ஏறி இறங்குகிறது, சிவப்பு தரையோடு தரையாகக் கிடக்கிறது. “ஜூலை இருவத்தாறுலருந்து இருவத்தொம்போது வர நாலு நாளு, ஒரு சின்னப் புள்ளி இருந்திருக்குக்கா. எல்லாரும் பாத்துருக்காக. ஒங்க நோட்டுல பூஜ்யம். மொதல்ல எனக்கு ஒண்ணும் வெளங்கல. அப்புறந்தான் தட்டுப்பட்டுச்சு. ஒங்க கண்ணுல தப்பில்லக்கா, குழாய்லதான். ரெண்டு அங்குலக் குழாய்க்கு அம்புட்டுச் சின்னப் புள்ளி எட்டாது. அப்பம் அந்தக் காலத்துல ரெண்டு அங்குலக் குழாய வச்சு எழுதுன எல்லாக் கணக்கையும் திருத்தணும்லா? எவ்வளவு திருத்தணும்னு ஒங்க நோட்ட வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். அதுக்கு வடிவு எண்ணுனு பேரு வச்சுருக்கேன்.” போனின் மூலையில் உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருந்தது. வடிவு எண். பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்னக்கா ஒண்ணும் சொல்லல, என்று பெண் கேட்டாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று தானே பதிலும் வைத்துக்கொண்டாள்.

எட்டாதாமே. அந்தக் குழாய்க்கு எட்டாதாமே. இந்த நேரத்திலும் அதுதான் முதலில் உறைத்தது என்பதை நினைக்க வடிவுக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் உறைத்தது உறைத்ததுதான். கடுகில் பாதி அளவு புள்ளியை அந்தக் குழாயில் அவள் பிடித்திருக்கிறாள், மேகம் ஓடுகிற நாளில், அட்டையை லேசாக ஆட்டினால் தாளில் உள்ள தூசி கூடவே ஆடும், சூரியப் புள்ளி ஆடாது, அந்த வித்தையெல்லாம் யாரும் சொல்லித்தந்ததல்ல. ஜூலை இருபத்தாறாம் தேதி அந்தப் புள்ளி அட்டையில் விழுந்திருந்தால் விட்டிருக்கவே மாட்டாள். விழுவதற்கு அட்டை அங்கே இல்லை. குழாய் அங்கே இல்லை. அவளும் இல்லை. ஜூலை பதினேழிலிருந்து ஆகஸ்ட் எட்டு வரை இருபத்து மூன்று பூஜ்யங்கள், இருபத்து மூன்று வெறும் வட்டங்கள், எவர்சில்வர் டப்பா மூடியை வைத்துச் சுற்றிப் போட்ட சுத்தமான வட்டங்கள், நேரம் காலை 8.40, வானம் தெளிவு. ஆடி மாதத்தில் இருபத்து மூன்று நாளும் வானம் தெளிவாம். எவனாவது அதைப் பார்த்தாவது சந்தேகப்பட்டிருக்கலாம்.

முதல் பக்கத்தில் விதியை எழுதி வைத்தவளே அவள்தான். விரலால் அட்டையைத் திறந்து பார்த்தாள், திறக்காமலே தெரியும், இருந்தாலும் பார்த்தாள். சுழி என்றால் பார்த்தேன், புள்ளி இல்லை. கோடு என்றால் பார்க்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல, குழப்பக் கூடாது என்று அடிக்கோடு வேறு. வெறுமை ஒரு செய்தி, பார்க்காதது செய்தியே இல்லை, இது சின்னப்பிள்ளைக்கும் புரியும். எட்டு வருஷத்தில் நூற்றைம்பதுக்கு மேல் கோடு போட்டிருக்கிறாள், கூசியதே இல்லை. ஆனால் கோடு போட்டால் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். மேகம். மழை. காய்ச்சல். சாத்தூர் கல்யாணம். ஒருநாள் ‘மறந்துவிட்டேன்’ என்றுகூட எழுதியிருக்கிறாள். அந்தக் கட்டம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கு இந்த இரும்பு நாற்காலியில் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டாம். கட்டத்தைப் போட்டவளும் அவள்தான். யாரைக் குறை சொல்ல.

“ஏம்மா, தப்பா நெனைக்காத.” வாடகை வீட்டின் சொந்தக்காரர் தனுஷ்கோடி அந்த ஜூலையில் ஒருநாள் மாடிப்படியின் மூன்றாம் படியில் நின்றுகொண்டு ஆரம்பித்தார், மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை, வழியை அடைத்துக்கொண்டு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லையே. “எதிர்த்த வீட்டுக்காரக வந்து சொல்லுதாக. காலைல காலைல குழாய வச்சுகிட்டு அவுக வீட்டயே பாக்கீகளாம். அந்தப் பையன் குளிச்சுட்டு மாடிக்கு வருவானாம்லா.” வடிவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. “அண்ணாச்சி, குழா மேல பாக்கு, நான் கீழ பேப்பரப் பாக்கேன். அவுக வீடு எனக்கு முதுகுப் பக்கம்லா இருக்கு.” “எனக்குத் தெரியும்மா. ஊருக்குத் தெரியணும்லா. தனியா இருக்க பொம்பள. நாலு நாளைக்கு மாடிச் சாவி எங்கிட்ட இருக்கட்டும்.” அவ்வளவுதான். நாலு நாள் என்றவர் கேட்கும்போதெல்லாம் “பாப்போம்மா” என்றார். வடிவு கேட்பதை நிறுத்திவிட்டாள். தினமும் எட்டு நாற்பதுக்கு மாடிப்படியின் கடைசிப் படி வரை ஏறி, பூட்டைப் பார்த்துவிட்டு இறங்குவாள். தகரக் கதவின் இடுக்கில் ஒரு கோடு வெயில் வந்து அவள் கால் பெருவிரலில் விழும். அந்தப் பையனுக்கு இருபது வயது இருக்குமா. அவள் அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். கடைசியில் சாவியை வாங்கிக்கொடுத்தது நியாயம் அல்ல, ஆடிக்காற்று. டிஷ் திரும்பிப்போய் வீட்டுக்கார அம்மாவுக்கு இரண்டு நாள் சீரியல் வரவில்லை, ஆள் வந்து பூட்டைத் திறந்தான், பிறகு யாரும் பூட்ட நினைக்கவில்லை. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அவள் மாடியில் நின்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நோட்டைத் திறந்தால் நாள் நாளாகக் காலி. காரணம் என்று ஒரு கட்டம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. என்ன எழுதுவாள். எதிர்த்த வீட்டுப் பையனைப் பார்க்கிறேன் என்று புகார் வந்ததால் என்று எழுதுவாளா. நூறு வருஷம் கழித்து யாரோ ஒருவர் இந்த நோட்டைப் பிரித்து, சூரியனைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர், தனுஷ்கோடியின் சாவியைப் பற்றிப் படிப்பாரா. அப்போது கை தானாகச் செய்தது ஆபீஸ் வேலையை. ஆபீஸில் மாதாமாதம் மேலே அனுப்ப வேண்டிய அறிக்கைகள் பதினாறு, அதில் பாதிக்கு மேல் இன்மை அறிக்கை. இந்த மாதம் பூச்சித் தாக்குதல்: இன்மை. பொதுமக்கள் புகார்: இன்மை. நிலுவை: இன்மை. நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது உத்தரவு. யாரும் போனதில்லை. போய்ப் பார்க்காமல் இன்மை என்று எழுதி, முத்திரை வைத்து, கவரில் போட்டு ஒட்டிவிடுவார்கள், வந்து சேர்ந்த நாளிலிருந்து வடிவும் அப்படித்தான். பழைய ஆட்கள் அதை இங்கிலீஷில் நில் என்பார்கள். “வடிவு, நில் போட்டாச்சா?” என்று சூப்பிரண்டு குரல் கொடுப்பார், புதிதாய் வந்த காலத்தில் தன்னைத்தான் நிற்கச் சொல்கிறார் என்று பயந்து வராந்தாவில் அப்படியே நின்றுவிட்டிருக்கிறாள். அந்தக் கைதான் டப்பா மூடியை எடுத்தது. சூரியன் உறங்குகிற வருஷம்தானே, முன்னும் பின்னும் பூஜ்யம்தானே, நடுவில் மட்டும் என்ன இருந்துவிடப் போகிறது. ஒரே உட்காரலில், ஒரே பேனாவில், இருபத்திரண்டு.

இருபத்திரண்டுதான். இருபத்து மூன்றில் ஒன்று பொய் இல்லை. ஆகஸ்ட் நாலு, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குப் பொறுக்க மாட்டாமல் குழாயைப் பழைய புடவையில் சுற்றி, டவுன் பஸ்ஸில் ஏறி, ஊருக்கு வெளியே தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் பொட்டலில் இறங்கி நிறுத்தினாள். பத்து நிமிஷத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். “ரோடு போட அளக்க வந்திருக்கீகளா? எங்க வீடு போயிருமா?” என்று ஒருத்தி இடுப்புக் குழந்தையோடு கேட்டாள், மற்றவர்கள் அவள் பின்னால் கோபமாக நின்றார்கள். அளக்க வரவில்லை, சூரியனைப் பார்க்க வந்தேன் என்று அட்டையைக் காட்டினாள். வெள்ளை வட்டம் அட்டையில் லேசாக நடுங்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். “ஒண்ணுமே இல்லியே” என்றாள் குழந்தைக்காரி. “ஆமா, ஒண்ணுமே இல்ல” என்றாள் வடிவு, அத்தனை நாளில் அன்றைக்குத்தான் மூச்சு முழுசாக வந்தது. அந்தப் பூஜ்யமும் மற்றதும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. அவளுக்கே சமயத்தில் தெரியவில்லை, இரண்டு மூன்று வருஷத்தில் எல்லாமே பார்த்து எழுதியதுதான் என்று ஒரு நினைப்பு வந்து படிந்துவிட்டது. சாத்தூர் தாண்டி அந்தச் சின்ன நீல மேட்டைப் பார்க்கும் வரை.

ஐந்தாம் எண் வெளியே வந்தது. ஆறாம் எண் எழுந்தது, நாற்காலி வரிசை குலுங்கியது, மருந்துக்கடைக்காரரும் அவருடைய மாணவரும் கதவுக்குள் போனார்கள். பியூன் இவர்களைப் பார்த்து, “அடுத்து நீங்கதான், எங்கயும் போயிராதீங்க. கூப்பிடும்போது ஆள் இல்லன்னா அப்புறம் கெடையாது” என்றான். போகவில்லை. எங்கே போவது. சொன்னால் இந்தப் பெண்ணின் ஆய்வுக்கு ஆணிவேர் போய்விடும், திங்கட்கிழமை தென்காசி பீரோ. சொல்லாவிட்டால் நல்கை கிடைக்கும், கிடைத்தால் இவள் ஒரு வருஷம் உட்கார்ந்து வடிவு எண்ணை வளர்ப்பாள், அதை வைத்து என்றைக்கோ செத்துப்போன யாரெல்லாமோ ஒழுங்காகப் பார்த்து எழுதிய கணக்குகளைத் தப்பு என்று திருத்துவாள், பெரிய இடத்துக்குப் போவாள், அங்கே ஒரு கெட்டிக்காரன் ஆடி மாதத்தில் இருபத்து மூன்று நாள் வானம் தெளிவா என்று கேட்பான். அப்போது இவள் எந்தப் பீரோவுக்குள் போவாள். உள்ளே போய்த் தலைவலி என்று சொல்லலாம். நோட்டு தொலைந்துவிட்டது என்று சொல்லலாம், மடியில் இருக்கிற நோட்டை. அந்த நாலு நாள் எனக்குக் கண் சரியில்லை என்று சொல்லலாம், அதுவும் ஒரு பொய், ஆனால் சின்னப் பொய், சின்னப் பொய்க்கு ஒரு எண் கண்டுபிடித்துப் பெயர் வைத்துவிடுவாள் இவள். ஜன்னலுக்கு வெளியே சுவரில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, மணி பதினொன்றரை இருக்கும், எட்டு நாற்பதுக்கு இன்றைக்கு பஸ்ஸில் இருந்தாள், இன்றைக்குக் கோடு. காரணம்: மதுரை.

“அக்கா, தண்ணி குடிக்கீகளா? வேர்த்து ஊத்துது ஒங்களுக்கு.” பெனாசிர் பாட்டிலை நீட்டினாள். வடிவு வாங்கிக் குடித்தாள். தண்ணீர் பாதி தொண்டையில் இறங்கும்போதே அந்தப் பெண் அடுத்ததைக் கேட்டாள். “உள்ள கேப்பாக. அதான் நான் முன்னாலயே கேட்டுக்கிடுதேன். அந்த இருவத்தாறு, இருவத்தேழு, ரெண்டு நாளாவது ஞாபகம் இருக்காக்கா? லேசாக்கூடப் புள்ளி எதுவும் பாக்கலையா?” வடிவு பாட்டிலை மூடினாள். மூடி புரிப்புரியாகச் சுற்றி இறுகியது. இதோ, பேச்சின் கதவு தானாகத் திறக்கிறது, இப்போது சொல்லிவிடலாம். “பாக்கல, பெனாசிர். நான் பாக்கல.”

“அதான!” என்றாள் பெண். முகம் பூரித்துவிட்டது. “பாக்கலன்னு இத்தன வருசம் கழிச்சும் இம்புட்டு உறுதியாச் சொல்லுதீகளே. இதையும் சேத்துக்கிடுதேன்.” போனில் ஏதோ தட்டினாள்.

வடிவு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட்டாள். உண்மையைத்தானே சொன்னாள், ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. பார்க்கவில்லை. நோட்டில் சுழிக்கும் கோட்டுக்கும் அடிக்கோடு போட்டுப் பிரித்து வைத்தாளே, வாயில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. கண்ணில் படவில்லை என்றாலும் பாக்கல, கண்ணையே திருப்பவில்லை என்றாலும் பாக்கல. ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் லேசானது. கேட்டவள் எப்படி எடுத்துக்கொண்டாளோ அது அவள் பாடு, ஆபீஸில் கோப்பை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டால் வருகிற நிம்மதி அது, அதன் ருசி இவளுக்கு நன்றாகத் தெரியும், இருபத்தேழு வருஷ ருசி. அடுத்த நிமிஷமே அது போய்விட்டது. பாக்கல, பாக்கல என்று அந்தச் சொல் பல்லிடுக்கில் மாட்டிய நார்போல வரவும் இல்லை, போகவும் இல்லை. அந்தப் பையனைப் பாத்தியாம்மா. பாக்கல அண்ணாச்சி. அதையும் அவர் நம்பவில்லையே. உண்மையாகப் பார்க்காததை யாரும் நம்பவில்லை, பொய்யாகப் பார்த்ததைக் கோடு கிழித்துப் பெயர் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, இருமிச் சமாளித்தாள். பிறகு பியூன் “ஏழு” என்றான். பெனாசிர் பையைத் தூக்கினாள், முந்தானை விடுபட்டது. இப்போது ஓடலாம். கால் கதவைப் பார்த்து நடந்தது.

உள்ளே குளிர்ந்த அறை, நீள மேஜை, மூன்று பேர். நடுவில் வெள்ளை முடியோடு ஒரு பேராசிரியை, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். பின்னால் கதவு மூடிக்கொண்ட சத்தம் கேட்டது. பெனாசிர் பேசினாள். நன்றாகவே பேசினாள், தடங்கலில்லாமல், கையை ஆட்டி, நீலக் கோட்டையும் சிவப்புக் கோட்டையும் காட்டி, ஓரத்தில் இருந்த தாடிக்காரர் இரண்டு முறை தலையாட்டினார். வடிவு எண் என்றபோது மூன்று பேரும் வடிவைப் பார்த்துப் புன்னகை செய்தார்கள். “இப்பக்கூடக் கேட்டேன் மேடம். அந்த நாலு நாளும் புள்ளி எதுவும் பாக்கலன்னு அக்கா உறுதியாச் சொன்னாங்க.” வெள்ளைமுடி அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நோட்டை வாங்கி, அந்தப் பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு அன்பாகத்தான் கேட்டார். “அப்படியாம்மா? நீங்களே சொல்லுங்க. பாக்கலையா?”

“பாக்கலம்மா” என்றாள் வடிவு. மறுபடி அதே சொல். அறை அதை வாங்கிக்கொண்டு திருப்தியாக இருந்தது. இன்னும் ஒரு வினாடி விட்டால் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். “பாக்கவே இல்ல. மாடிக்கே போகல. மாடிக்கதவு பூட்டிக் கெடந்துச்சு.”

வடிவு கையை நீட்டி நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “ஒரு பேனா குடுப்பீகளா” என்று கேட்டாள். தன் கைப்பையில் பேனா இருப்பது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. தாடிக்காரர் தன்னுடையதை நீட்டினார். திருத்தம் எப்படிச் செய்ய வேண்டும் என்று ஆபீஸில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, மேலேயே எழுதக் கூடாது. பழையது தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியானது, அதற்குப் பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. ஜூலை பதினேழு. பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் ஒரு கோடு. ச.வ. இன்றைய தேதி. காரணம் என்ற கட்டத்தில் பேனா ஒருகணம் நின்றது, பிறகு எழுதியது: சாவி இல்லை. பதினெட்டு. சாவி இல்லை. “எதுக்குக்கா கோடு போடுதீக?” என்றாள் பெனாசிர், குரலில் இன்னும் சிரிப்பின் மிச்சம் இருந்தது. பத்தொன்பது. இருபது. நிறுத்தினால் கை மறுபடி அசையாது என்று வடிவுக்குப் பயமாக இருந்தது. இருபத்தாறாம் தேதிக்கு வந்தபோது பக்கத்தில் மூச்சு ஒன்று நின்று திரும்ப வந்தது. “அக்கா” என்றாள் பெண். இருபத்தேழு. இருபத்தெட்டு. மேஜைமேல் போனில் நீலமும் சிவப்பும் இருந்த திரை அணைந்து கறுப்பாகியது. திங்கட்கிழமை. வாப்பாவிடம் என்ன சொல்வாள், வடிவம்மா கூடன்னா சரி. முப்பத்தொன்று. பக்கத்தைத் திருப்பினாள். விரலெல்லாம் மை. மூன்று பெரியவர்களும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், யாரும் போதும் என்று சொல்லவில்லை. ஆகஸ்ட் ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். நிமிர்ந்து பெனாசிரின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை, நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், எட்டு வருஷப் பழக்கம்.

அந்தத் தாளின்மேல் ஒரு விரல் வந்து நின்றது. நகத்தில் பெருநாளைக்கு வைத்த மருதாணி பாதி வளர்ந்து மேலேறியிருந்தது.

“நாலாந் தேதிய விட்டுட்டீகக்கா.” குரல் உடைந்திருந்தது. ஆனாலும் வரிசையாகச் சரிபார்த்துக்கொண்டேதான் வந்திருக்கிறாள் அந்தப் பெண்.

“விடல” என்றாள் வடிவு. “அன்னைக்கு நான் பாத்தேன். நெசமாவே ஒண்ணுமில்ல.”